ஒரு இங்கிலீஷ் வார்த்தைய உருப்படியா கத்துக்க எந்த வழி கட்டுபடியாகும்?

மதுரையில புது நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்னைக்குத் தொறந்ததுல இருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக பாதிப்பேரு அங்கிட்டுத்தான் கெடக்காங்க, அவங்கள்ல யார்கிட்ட பேச்சுக் கொடுத்தாலும் கணக்கு, ஜி.கே எல்லாம் சமாளிச்சுருவோம்ண்ணே இந்த இங்கிலீஷ் வொக்காபுலரிதான் மண்டைல நிக்க மாட்டேங்குதுன்னு ஒரே பாட்டுதான். அடுத்த கேள்வியும் தயாரா இருக்கும். எந்த டிக்‌ஷனரி வாங்குறது, எந்த ஆப் போடுறது, வார்த்தை லிஸ்ட் புத்தகம் போதுமா, இல்ல பேசாம ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேந்துறலாமா. எல்லாத்துக்கும் சேத்து ஒரு தடவை எழுதிப் போட்டுரலாம்னு உக்காந்துருக்கேன்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 மட்டும்தான் எழுதப்போறேன், வேற எதுக்கும் இங்கிலீஷ் வேண்டாம்ங்கறவங்க இத படிச்சு நேரத்த வீணாக்க வேண்டாம், அங்க 200 கேள்வியில 100 தமிழ், மிச்சம் பொது அறிவும் கணக்கும்தான். பேங்க், எஸ்.எஸ்.சி (மத்திய அரசு வேலைக்கான தேர்வு), ஐ.டி இன்டர்வியூ, காலேஜ்ல இங்கிலீஷ் மீடியத்துல மாட்டிக்கிட்ட தமிழ் மீடியம் பிள்ளைக, இவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

சும்மா இது நல்லது அது நல்லதுன்னு பொத்தாம்பொதுவா பேசுனா ஒண்ணும் வெளங்காது. அதனால ஒரே ஒரு வார்த்தைய எடுத்துக்கிட்டு ஒவ்வொரு வழியிலயும் அதத் தேடிப் பாப்போம், எது எதுல என்ன கெடைக்குதுன்னு. வார்த்தை என்னன்னா அஃபோர்டு. ரிங் ரோட்டுல அங்கிட்டு இங்கிட்டு போற வர்றப்ப பாத்திருப்பீங்க, பிளாட் விக்கிற போர்டு எல்லாத்துலயும் 'அஃபோர்டபிள் பிரைஸ்'னு போட்டிருப்பான், டி.வி-ல கிரிக்கெட் பாத்தா கமென்ட்ரியில அடிக்கடி வரும், நம்மளே 'அதெல்லாம் நம்மளால அஃபோர்டு பண்ண முடியாது மாப்ள'ன்னு தமிழுக்குள்ள போட்டுப் பேசுறோம். ஆனா அத வச்சு இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் எழுதச் சொன்னா நல்லா மார்க் வாங்குற பிள்ளையே திணறும். பொருள் தெரியும், பொழங்கத் தெரியாது. நம்ம ஊருல இங்கிலீஷ் பிரச்சினையே பெரும்பாலும் இதுதான்னு நான் நெனைக்கிறேன், வார்த்தை தெரியாம இருக்கறது ரெண்டாவதுதான்.

இந்த வார்த்தைக்குள்ள என்னென்ன இருக்குன்னு மொதல்ல பாத்துக்குவோம், அப்பதான் எந்த வழி எவ்வளவு தருதுன்னு அளக்க முடியும். ஒண்ணு, காசு சமாச்சாரம், 'வீ கான்ட் அஃபோர்ட் எ ஃபிளாட் இன் கே.கே.நகர்', கே.கே.நகர்ல ஃபிளாட் வாங்க நமக்கு வசதி பத்தாது. ரெண்டு, நஷ்டம் வந்தா தாங்காதுங்கற அர்த்தம், இதுல காசே இருக்காது, 'ஐ கான்ட் அஃபோர்ட் டு மிஸ் த லாஸ்ட் பஸ் டு உசிலம்பட்டி', கடைசி பஸ்ஸ விட்டா நம்ம சோலி முடிஞ்சது. மூணு, கொஞ்சம் புத்தக நடையில, தருது கொடுக்குதுங்கற அர்த்தம், 'த ஹில்டாப் அஃபோர்ட்ஸ் எ குட் வியூ ஆஃப் மதுரை', மலை உச்சியில இருந்து பாத்தா ஊரு நல்லாத் தெரியும். இது பொருள். பொழங்குற விதம்னு பாத்தா, மொத ரெண்டு அர்த்தத்துலயும் முன்னாடி கேன் (can), குட் (could), பி ஏபிள் டு இதுல ஏதாவது ஒண்ணு கிட்டத்தட்ட எப்பவும் வரும், பின்னாடி நேரா பொருளோட பேரு வரலாம், இல்லன்னா டு போட்டு வினை வரலாம், 'அஃபோர்ட் பையிங்'னு ஐ.என்.ஜி போடக்கூடாது, 'ஐ ஆம் அஃபோர்டிங்'னும் சொல்றதில்ல.

இன்னொண்ணு இருக்கு, அது எந்த இங்கிலீஷ்காரனுக்கும் தோணாது, நமக்குத்தான் தெரியணும். தமிழ்ல இதுக்குச் சரியான பேச்சு என்ன? கட்டுபடியாகாது. 'அந்த வெல எனக்குக் கட்டுபடியாகாது.' இதுல எழுவாய் வெல, நான் 'எனக்கு'ன்னு ஓரமா நிக்கிறேன். இங்கிலீஷ்ல அப்படியே தலைகீழு, நான்தான் எழுவாய், ஐ கான்ட் அஃபோர்ட் இட். தமிழ யோசிச்சுக்கிட்டே இங்கிலீஷ் எழுதுற பிள்ளை 'தட் ரேட் கேன்னாட் அஃபோர்ட் டு மீ'ன்னு எழுதும், இல்லன்னா நம்ம ஊரு ஸ்பெஷல் 'ஐ கான்ட் ஏபிள் டு அஃபோர்ட்'. எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்குப் புரியும், இதுல எல்லாம் 'எனக்கு'ங்கறது இங்கிலீஷுக்குப் போறப்ப 'ஐ' ஆயிரும்ல, அதே கதைதான் இதுவும். சரி, இவ்வளவையும் எந்த வழி சொல்லிக்குடுக்குது?

தமிழ் டிக்‌ஷனரிய எடுத்துக்குவோம். நம்மூருல டிக்‌ஷனரின்னா லிஃப்கோதான், லிட்டில் ஃபிளவர் கம்பெனிங்கற மெட்ராஸ் பதிப்பகம் போட்டது, அப்பா காலத்துல இருந்து வீட்டுக்கு ஒண்ணு அட்டை கிழிஞ்சு கெடக்கும். பெருசா வேணும்னா மெட்ராஸ் யுனிவர்சிட்டி போட்ட ஆங்கிலம் தமிழ்ச் சொற்களஞ்சியம், அ.சிதம்பரநாதன் செட்டியார் தலைமைப் பதிப்பாசிரியரா இருந்து 1960கள்ல மூணு தொகுதியா வந்தது, துறைச் சொல்லுக்கெல்லாம் இன்னைக்கும் அதத் தேடுறவங்க உண்டு, ஆனா அதுல இருக்கற தமிழே சில பேருக்கு இன்னொரு டிக்‌ஷனரி கேக்கும். இந்த மாதிரி டிக்‌ஷனரியோட பெரிய பலம் வேகம். பத்து செகண்டுல பொருள் கெடைச்சுரும், கெடைக்கறது நம்ம மொழியில. மேசை, கழுகு, வயித்துப்போக்கு மாதிரி பொருளப் பாத்தாலே முடிஞ்சு போற வார்த்தைக்கு இதவிட நல்ல வழி கெடையாது, கழுகுக்கு இங்கிலீஷ்ல வெளக்கம் படிச்சுப் புரிஞ்சுக்கறது வெட்டி வேலை. ஆனா அஃபோர்டுக்குப் பாத்தா வசதி பெற்றிரு, இயலு, அளி, கொடுன்னு நாலு தமிழ்ச் சொல் வரிசையா இருக்கும். இதுல எது எந்த இடத்துக்குன்னு கண்டுபிடிக்கறது உங்க சாமர்த்தியம். 'கொடு'ன்னு இருக்குன்னு நம்பி 'ஹி அஃபோர்டட் மீ டென் ருபீஸ்'னு எழுதுற பிள்ளைய குத்தம் சொல்ல முடியாது, டிக்‌ஷனரி அப்படித்தான சொல்லுச்சு.

அப்ப இங்கிலீஷ் டு இங்கிலீஷ். இங்கதான் கடையில எல்லாரும் குழம்புவாங்க, ஏன்னா இதுல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு இங்கிலீஷ்காரன் இங்கிலீஷ்காரனுக்குப் போட்டது, ஒண்ணு வேத்து மொழிக்காரன் கத்துக்கறதுக்குன்னே போட்டது. நமக்கு வேண்டியது ரெண்டாவது, அட்டையில லேர்னர்ஸ்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்கணும், இல்லன்னா ஒரு வார்த்தைக்குப் பொருள் பாக்கப் போயி அந்தப் பொருளுக்குப் பொருள் பாக்கப் போயி அரை மணி நேரம் ஓடிரும். இந்த லேர்னர்ஸ் டிக்‌ஷனரி வந்த கதையே நம்ம மாதிரி ஆளுகளாலதான். ஹார்ன்பின்னு ஒரு இங்கிலீஷ்காரரு ஜப்பான்ல வாத்தியாரா இருந்தாரு, ஜப்பான் பிள்ளைகளுக்கு வார்த்தையோட பொருள் தெரிஞ்சும் வாக்கியத்துல வைக்கத் தெரியலங்கறதப் பாத்துட்டு, எந்த வினைக்குப் பின்னாடி என்ன வரும்ங்கறத வகை பிரிச்சு ஒரு டிக்‌ஷனரி தயார் பண்ணாரு, அது 1942-ல டோக்கியோவுல வந்துச்சு, அதையே ஆக்ஸ்ஃபோர்டு 1948-ல திரும்பப் போட்டுச்சு. இன்னைக்கு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்னு கடையில கனமா இருக்குல்ல, அதோட பாட்டன் அதுதான், 2020-ல பத்தாவது பதிப்பு வந்துச்சு. அவருக்கு முன்னாடியே மைக்கேல் வெஸ்ட்னு ஒருத்தரு, இவரு நம்ம நாட்டுலயே, அப்ப இருந்த வங்காளத்துல டாக்காவுல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில இருந்தவரு, வெறும் 1,490 வார்த்தைய மட்டும் வச்சுக்கிட்டு மத்த எல்லா வார்த்தைக்கும் பொருள் எழுதி 1935-ல ஒரு டிக்‌ஷனரி போட்டாரு. அந்த ரோசனையத்தான் லாங்மேன்ங்கற பதிப்பகம் 1978-ல பெருசா எடுத்துச்சு, சுமாரா 2,000 வார்த்தைக்குள்ளயே எல்லாத்துக்கும் வெளக்கம். ஆக அந்த 2,000 வார்த்தை உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா லாங்மேன் முழுசும் உங்களுக்குத் தொறந்துரும், தெரியலன்னா மொதல்ல அந்த 2,000-த்த தமிழ் டிக்‌ஷனரி வச்சே முடிங்க, அதுதான் முறை. 1987-ல வந்த கோபில்ட்ங்கற டிக்‌ஷனரி இன்னும் ஒரு படி மேல, பொருளையே முழு வாக்கியமாச் சொல்லும், 'உங்களால ஒண்ண அஃபோர்டு பண்ண முடியாதுன்னா அதுக்குக் குடுக்க உங்ககிட்ட காசு பத்தாதுன்னு அர்த்தம்'ங்கற தினுசுல, அதனால பொருளப் படிக்கறப்பவே அந்த வார்த்தை எங்க உக்காரும், யாரு எழுவாய்ங்கறது கண்ணுல பட்டுரும். எனக்கு இந்த வகை ரொம்பப் பிடிக்கும், ஆனா நம்மூரு கடையில சட்டுனு கெடைக்காது, போன்லதான் பாக்கணும்.

லேர்னர்ஸ் டிக்‌ஷனரியில அஃபோர்டுன்னு தேடுனா நான் மேல சொன்ன முக்காவாசி வந்துரும், கேன் குட் கூட வரும்ங்கறது, டு போடுறது, காசு இல்லாத அந்த ரெண்டாவது அர்த்தம், மூணாவதுக்குப் பக்கத்துல இது எழுத்து நடைங்கற குறிப்பு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு எடுத்துக்காட்டு. எல்லாம் சரி, கட்டுபடியாகாதுங்கற விசயம் மட்டும் வராது, எனக்கு ஐ ஆகுற கதையும் வராது, ஏன்னா அது ஜப்பான்காரன், பிரேசில்காரன், நம்ம ஆளு எல்லாருக்கும் பொதுவா எழுதுனது. அத நீங்கதான் ஓரத்துல பென்சில்ல எழுதிக்கணும்.

ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, நம்ம ஆளுக அதிகம் கண்டுக்கறதில்ல. ஆக்ஸ்ஃபோர்டே இங்கிலீஷ் இங்கிலீஷ் தமிழ்னு ஒரு டிக்‌ஷனரி போட்டிருக்கு, இங்கிலீஷ்ல எளிமையான வெளக்கம், எடுத்துக்காட்டு, கூடவே தமிழ்ப் பொருள். பத்தாவது, பன்னெண்டாவது படிக்கிற தமிழ் மீடியம் பிள்ளைக்கு ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும்னா நான் இதத்தான் சொல்லுவேன். தமிழப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டு அப்பறம் இங்கிலீஷ் வெளக்கத்தப் படிச்சா பயமில்லாமப் படிக்கலாம். அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அளவுக்கு ஆழம் இருக்காது, அது அந்த வயசுக்குத் தேவையும் இல்ல.

போன்ல டிரான்ஸ்லேட் போட்டுப் பாக்குறதப் பத்தி ரொம்ப எழுத ஒண்ணுமில்ல. கூகுள் டிரான்ஸ்லேட்ல 2011-ல தமிழ் வந்துச்சு, இப்ப ரொம்பத் தேறிருச்சு, முழு வாக்கியத்தப் போட்டா பெரும்பாலும் தேவலாம்ங்கற மாதிரி தரும். ஆனா வார்த்தைய ஒத்தையாப் போட்டா அதுக்குச் சுத்தி என்ன இருக்குன்னு எப்படித் தெரியும், ஏதோ ஒரு அர்த்தத்தத் தூக்கிப் போடும். அவசரத்துக்கு ஒரு பாராவுல என்ன சொல்லியிருக்கான்னு பாக்க சரி. கத்துக்க ஆகாது, கேட்டதும் கெடைச்சுருதா, மூடுனதும் மறந்துரும்.

வார்த்தை லிஸ்ட் புத்தகம், இதுக்குத்தான் தேர்வு எழுதுற பிள்ளைகட்ட மவுசு. ஒரு பக்கத்துல இருபது வார்த்தை, பக்கத்துல நாலு சினானிம், ரெண்டு ஆன்டனிம், முடிஞ்சது. இத முழுசா வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா பட்டதாரிகளுக்கான எஸ்.எஸ்.சி சி.ஜி.எல் தேர்வு மொத கட்டத்துல இங்கிலீஷுக்கு 25 கேள்வி, 50 மார்க், அதுல சினானிம், ஆன்டனிம், ஒன் வேர்டு சப்ஸ்டிடியூஷன் (நீள வெளக்கத்துக்கு ஒத்த வார்த்தை), இடியம் எல்லாம் நேரடியா வரும், ஒன் வேர்டு சப்ஸ்டிடியூஷனையெல்லாம் லிஸ்ட் போட்டு உருப்போட்டாத்தான் உண்டு. ஆனா அதே பேப்பர்ல குளோஸ் டெஸ்ட் (பத்தியில விட்ட எடத்துல வார்த்தைய நிரப்புறது) வரும், தப்பக் கண்டுபிடின்னு வரும், அங்க லிஸ்ட் கைவிட்டுரும். லிஸ்ட்ல அஃபோர்டுக்கு நேரா புரொவைடு, பேர், ஸ்பேர்னு இருக்கும், அதப் படிச்ச பிள்ளைகிட்ட 'ஹி கேன் அஃபோர்ட் பையிங் எ கார்'ல தப்பு எங்கன்னு கேட்டா சினானிமா உதவும்? தப்பாப் போட்டா ஒரு கேள்விக்கு அரை மார்க் வேற போயிரும். பேங்க்ல இன்னும் மோசம், ஆபீசர் வேலைக்கான ஐ.பி.பி.எஸ் பி.ஓ பிரிலிம்ஸ்ல 20 நிமிசத்துல 30 இங்கிலீஷ் கேள்வி, அதுல நேரடியா சினானிம் கேக்கறத விட பத்தியப் படிச்சு, எடத்துக்கு ஏத்த வார்த்தையப் பொருத்தறதுதான் அதிகம். அதனால எஸ்.எஸ்.சி-க்கு லிஸ்ட் பாதி, பேங்க்குக்கு லிஸ்ட் கால்வாசின்னு வச்சுக்கங்க.

லிஸ்டோட இன்னொரு தொல்லை மறதி. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரரு அர்த்தமே இல்லாத அசைகள மனப்பாடம் பண்ணிப் பண்ணி எவ்வளவு வேகமா மறக்குதுன்னு தன்ன வச்சே சோதிச்சு 1885-ல எழுதிவச்சாரு, படிச்ச கொஞ்ச நேரத்துலதான் மறதி பயங்கரமா அடிக்குது, அப்பறம் பைய பைய. இதுக்கு மருந்து இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பாக்குறது. லைட்னர்னு இன்னொருத்தரு 1970கள்ல அட்டைகள பொட்டியில போட்டு, சரியாச் சொன்ன அட்டைய அடுத்த அறைக்குத் தள்ளி, தப்பாச் சொன்னத மொத அறைக்கே திரும்பக் கொண்டுவர்ற முறையப் பிரபலமாக்குனாரு. அன்கின்னு ஒரு ஆப் அதே மாதிரி வேலைய போன்லயே பண்ணும், ஆண்ட்ராய்டுல காசு கெடையாது, ஐபோன்ல வாங்கணும். நான் இத ஒரு தனி வழியாச் சொல்லல, மத்த எல்லா வழிக்கும் துணை. ஒரே ஒரு நிபந்தனை, அட்டையில வார்த்தையும் பொருளும் மட்டும் எழுதாதீங்க. முன்பக்கம் 'ஐ கான்ட் _____ டு மிஸ் த பஸ்'னு வாக்கியத்துல ஓட்டை விட்டு எழுதுங்க, பின்பக்கம் வார்த்தை. அடுத்தவன் தயார் பண்ணிப் போட்ட அட்டைக் கட்ட எறக்கிப் படிக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, எழுதுறப்பவே பாதி ஏறிரும், அந்தப் பாதிய ஏன் விடணும்?

பேப்பர் படின்னு எல்லா வாத்தியாரும் சொல்லுவாங்க. இந்து பேப்பர் மதுரைப் பதிப்பு வருது, சித்திரைத் திருவிழா, வைகை தண்ணி, ஜல்லிக்கட்டுன்னு நமக்குத் தெரிஞ்ச சேதிய இங்கிலீஷ்ல படிக்கறது உண்மையிலேயே நல்ல வழிதான், சேதி முன்னாடியே தெரியும்ங்கறதால வார்த்தைய ஊகிக்கலாம். ஆனா தலையங்கத்துல ஆரம்பிக்கச் சொல்றாங்க பாருங்க, அது அநியாயம். பால் நேஷன்னு நியூசிலாந்துல இருக்கற ஆராய்ச்சியாளரு 2006-ல கணக்குப் போட்டுச் சொன்னாரு, பேப்பர், நாவல் மாதிரி எழுத்த டிக்‌ஷனரி இல்லாம வசதியாப் படிக்கணும்னா 8,000-ல இருந்து 9,000 வார்த்தைக் குடும்பம் தெரிஞ்சிருக்கணும்னு. குடும்பம்னா அஃபோர்டு, அஃபோர்டபிள், அஃபோர்டபிலிட்டி எல்லாம் சேந்து ஒண்ணு. ஆயிரம் ரெண்டாயிரம் தெரிஞ்ச பிள்ளைகிட்ட தலையங்கத்தக் குடுத்தா வரிக்கு மூணு எடத்துல முட்டும், நாலாவது நாளு பேப்பர் போண்டா மடிக்கப் போயிரும். மொதல்ல மதுரைப் பக்கத்துச் சேதி, அப்பறம் விளையாட்டுப் பக்கம், கடைசியாத் தலையங்கம். விளையாட்டுப் பக்கத்துல 'கான்ட் அஃபோர்ட் டு லூஸ்' கண்டிப்பா ஒரு நாளு மாட்டும், அப்ப அந்த ரெண்டாவது அர்த்தம் யாரும் சொல்லிக் குடுக்காமலே ஏறும்.

இப்ப ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். காளவாசல்ல இருந்து அண்ணா நகர் வரைக்கும் எத்தன போர்டு, முப்பது நாள்ல சரளமாப் பேசலாம், நாப்பத்தஞ்சு நாள்ல வெள்ளக்காரன் மாதிரி பேசலாம். சில ஆயிரம் ரூவா வாங்குறாங்க. பூராத்தையும் குறை சொல்லல, கூச்சம் போகும், வாயத் தொறந்து தப்பாப் பேசினாலும் சிரிக்காம கேக்க நாலு பேரு இருப்பாங்க, அதுக்கு அந்தக் காசு தகும். வார்த்தை கத்துக்கறதுக்குன்னு போனா மட்டும் தகாது, ஏன்னா முக்காவாசி எடத்துல அதே லிஸ்ட ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கறதுதான். சேருறதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா உக்காந்து பாக்க விடுவாங்களான்னு கேளுங்க, வாத்தியாரு பேசுற நேரம் அதிகமா பிள்ளைக பேசுற நேரம் அதிகமான்னு பாருங்க, வாத்தியாரே பேசிக்கிட்டு இருந்தா எந்திரிச்சு வந்துருங்க.

காசு குடுக்காம காதாலயே கத்துக்கிட்ட ஆளுகளப் பாக்கணும்னா மீனாட்சியம்மன் கோயிலச் சுத்திப் போங்க. புதுமண்டபத்துல தையல் மிஷின் போட்டிருந்த கடைக்காரங்க (இப்ப கடைகள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க), வெளிநாட்டுக்காரங்க சட்டை தைக்கக் குடுப்பாங்க, சாயங்காலத்துக்குள்ள தைச்சுக் குடுத்துருவாங்க, பேரம் பூராவும் இங்கிலீஷ்லதான். ஸ்கூல்ல இங்கிலீஷ் பாஸானாங்களான்னு தெரியாது, ஆனா 'ஹௌ மச் கேன் யூ அஃபோர்ட், மேடம்'னு கேக்கறப்ப கேன் விடாம, எழுவாய் மாறாம, கச்சிதமா வந்து விழும். அவங்க டிக்‌ஷனரியப் பாக்கல, வார்த்தைய ஒத்தையாக் கத்துக்கவே இல்ல, ஒரு கட்டா, வாக்கியத்தோட, வேலை நடக்குற எடத்துல புடிச்சாங்க. இந்த வழியோட எல்லையும் அங்கயே தெரியும், பேரத்துக்கு வெளிய இருக்கற இங்கிலீஷ் வராது, படிக்க எழுத வராது, 'ஹில்டாப் அஃபோர்ட்ஸ்'னா என்னன்னு முழிப்பாங்க. ஆனாலும் பொழங்குற விஷயத்துல டிகிரி முடிச்ச பிள்ளைய விட அவங்க ஒரு படி மேலன்னுதான் நான் சொல்லுவேன், யாருக்குக் கோவம் வந்தாலும் சரி.

புதுசா வந்திருக்கற ஏ.ஐ சாட் சமாச்சாரத்தையும் சொல்லணும். இதுகிட்ட பொருள் கேக்கறது வீண், அதுக்கு டிக்‌ஷனரி இருக்கு. இது எங்க உபயோகம்னா நீங்க எழுதுன வாக்கியத்தத் திருத்தறதுல. அஃபோர்டு வச்சு அஞ்சு வாக்கியம் சொந்தமா எழுதிப் போட்டு, எது இயல்பா இல்ல, ஏன்னு கேளுங்க, ராத்திரி பதினோரு மணிக்கும் சலிக்காமச் சொல்லும், இந்த வசதி நம்ம தலைமுறைக்கு இல்ல. ரெண்டு எடத்துல கவனம் வேணும். தப்பா இருந்தாலும் அடிச்சுச் சொல்லும், அதனால சந்தேகம் வந்தா லேர்னர்ஸ் டிக்‌ஷனரியில சரிபாத்துக்கங்க. வாக்கியத்த அதையே எழுதச் சொல்லாதீங்க, எழுதச் சொன்னா அழகா எழுதிரும், நீங்க வாசிச்சுட்டு ஆகான்னு போயிருவீங்க, கத்துக்கிட்டது அது, நீங்க இல்ல.

சரி, யாரு எத எடுக்கறது. எஸ்.எஸ்.சி எழுதுற ஆளுன்னா லிஸ்ட் புத்தகம் ஒண்ணு போதும், மூணு வாங்காதீங்க, அதுல தெனம் பத்து வார்த்தை, அந்தப் பத்துல வினைச்சொல்ல மட்டும் போன்ல லேர்னர்ஸ் டிக்‌ஷனரி தொறந்து பின்னாடி என்ன வருதுன்னு பாத்துருங்க, பெயர்ச்சொல்லுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன், கேம்பிரிட்ஜ் மூணும் நெட்ல காசில்லாமப் பாக்கலாம், உச்சரிப்பும் கேக்கலாம், அஃபோர்டுல அழுத்தம் 'ஃபோர்'ல விழுது, நம்ம ஆளுக 'அஃ'ல போட்டு அமுக்குவாங்க. பேங்க் எழுதுற ஆளுன்னா லிஸ்ட ஓரமா வச்சுட்டு பேப்பரும் லேர்னர்ஸும். ஐ.டி இன்டர்வியூன்னா புது வார்த்தை தேடவே தேடாதீங்க, தெரிஞ்ச ஆயிரம் வார்த்தைய வாயில வர வைங்க, கிளாஸ்ல சேரணும்னா அவங்கதான் சேரணும், அதுக்கு முன்னாடி 'ஐ பாஸ்டு அவுட் இன் 2023'ங்கறத மட்டும் விட்டுருங்க, நம்ம நாட்டுல அது படிச்சு முடிச்சேன், வெளிநாட்டு மேனேஜருக்கு மயங்கி விழுந்தேன்னு கேக்கும், கிராஜுவேட்டட்னு சொல்லிட்டா வம்பில்ல. ஒம்பதாவது பத்தாவது பிள்ளைன்னா அந்த இங்கிலீஷ் இங்கிலீஷ் தமிழ் டிக்‌ஷனரி, கூட எளிய கதைப் புத்தகம், லிஸ்ட் புத்தகத்த வீட்டுக்குள்ளயே விடாதீங்க.

தமிழ் நல்லாத் தெரிஞ்ச ஆளுகளுக்கு ஒரு உபரி யோசனை. இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்குத் தேடுறத நிறுத்திட்டு எப்பவாவது திருப்பித் தேடிப் பாருங்க. க்ரியா போட்ட தற்காலத் தமிழ் அகராதி, மொதப் பதிப்பு 1992, ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் தமிழ்ல பொருள், இங்கிலீஷ்ல பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம் எல்லாம் தரும். நம்ம வாயில தெனம் வர்ற பேச்ச எடுத்துக்கிட்டு இத இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லுவான்னு தேடுறப்ப வர்ற வார்த்தை லேசுல மறக்காது, ஏன்னா அதுக்கு நமக்குள்ள ஏற்கனவே எடம் இருக்கு.

காசு விசயம் கடைசியா. அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் புதுசா வாங்குனா கொஞ்சம் கையக் கடிக்கும். பழைய புத்தகக் கடையில முந்தின பதிப்பு பாதிக்கும் கீழ கெடைச்சா யோசிக்காம எடுங்க, அஃபோர்டோட இலக்கணம் ஒரு பதிப்புக்கு ஒரு பதிப்பு மாறிறப் போறதில்ல, புதுப் பதிப்புல கூடுறது பெரும்பாலும் புதுசாப் பொழக்கத்துக்கு வந்த வார்த்தைகதான், அத போன்ல பாத்துக்கலாம். தமுக்கத்துல புத்தகத் திருவிழா நடக்கறப்ப வாங்குனா கழிவு கெடைக்கும். எங்க வாங்குனாலும் நடுவுல பக்கம் விட்டுப் போயிருக்கான்னு புரட்டிப் பாத்துட்டு, அட்டையில லேர்னர்ஸ் இருக்கான்னு இன்னொரு தடவை பாத்துட்டு காசக் குடுங்க, பாக்கெட் டிக்‌ஷனரின்னு உள்ளங்கை அளவுல ஒண்ணு நீட்டுவாங்க, அதுல எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்காது, வேண்டாம்னு சொல்லிருங்க.